முடிச்சுப் போடும் பெரியப்பா

கலியாண வீட்டில் பந்தி விசாரிக்க ஒருவர், இழவு வீட்டில் பாடை கட்ட ஒருவர் என்று, யாரும் நியமிக்காமலே உத்தியோகம் பார்க்கும் பிரகிருதிகள் எந்தச் சிற்றூரிலும் உண்டு. ஆகஸ்டு 15-உம் ஜனவரி 26-உம் தம்மால்தான் விடிகின்றன என்ற பரிபூரண நம்பிக்கையோடு, கஞ்சி போட்ட கதர்ச் சட்டையின் மொடமொடப்பு முன்னே வரத் தாம் பின்னே வரும் கொடிக்கம்பத்துக் காரியஸ்தரையும் அந்த ஜாபிதாவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலக்கோட்டில், எங்கள் தெருவைப் பொறுத்தவரையில், அந்த ஸ்தானத்தை வகித்தவர் எங்கள் பெரியப்பா.

அவருடைய வித்தை முழுவதும் ஓர் உருவாஞ்சுருக்கில் அடங்கியிருந்தது. கொடியை மடித்து, காவி நிறம் மேல்பக்கம் வருகிறதா என்று மும்முறை பரிசோதித்து, நடுவில் சாமந்தி இதழ்களைப் பொதிந்து சுருட்டி அவர் போடுகிற முடிச்சு, காற்றுக்கு அசையக் கூடாது; ஆனால் கையால் சுண்டியதும் அவிழ்ந்துவிட வேண்டும். “இறுகினா வந்தவருக்கு அவமானம், நெகிழ்ந்தா தேசத்துக்கு அவமானம்” என்பது அவர் சித்தாந்தம். ஆகையால் முதல் நாள் இரவே வீட்டு முற்றத்துத் தூணில், பெரியம்மாவின் ஈரிழைத் துண்டு கொடியாகவும், கிழித்த காலண்டர்த் தாள் புஷ்பமாகவும், குழந்தைகளாகிய நாங்கள் முறைவைத்துப் பிரதம விருந்தினராகவும் ஒத்திகை நடக்கும். துண்டு விரிந்து தாள் தலையில் உதிர்ந்த மறுகணம் ஜன கண மன பாட வேண்டும். பாதியில் சிரித்தவனுக்கு மறுநாள் மிட்டாய் கிடையாது. ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே இருந்தபோதிலும், குழந்தைக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய்க்கு மேல் அவர் கை நீண்டதாகச் சரித்திரம் இல்லை.

மறுநாள் காலையில் கயிற்றை இழுப்பவர் தக்காளி மண்டி முதலாளியாகவோ, ஓய்வு பெற்ற தாசில்தாராகவோ, அவ்வருஷம் யார் நாற்காலி வாடகையை ஏற்றுக்கொண்டாரோ அவராகவோ இருப்பார். பெரியப்பா அவருக்கு அரையடி பின்னால் நின்று, “அந்தக் கயிறு இல்லைங்க, இந்தக் கயிறு… மெதுவா… இப்ப சுண்டுங்க” என்று மந்திரோபதேசம் செய்வார். கொடி விரியும், கரகோஷம் எழும், புகைப்படத்தில் பிரதம விருந்தினர் பூரணமாகவும் பெரியப்பா முழங்கை மாத்திரமாகவும் விழுவார்கள். அப்படிப்பட்ட முழங்கைகள் எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஏராளம்.

பேசச் சொன்னால்தான் ஆபத்து. பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டதையும், 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டியதையும், பக்கத்தில் நின்று சாந்துச் சட்டி எடுத்துக் கொடுத்தவர்போல வர்ணிப்பார், 1925-இல் சிவா காலமாகிப் பத்து வருஷம் கழித்தே இவர் ஜனனம் என்பதை நினைவூட்டினால், “கேட்டவன் சொல்லக் கூடாதா?” என்று சீறுவார். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி அல்லவா? ஆகவே வெள்ளைக்காரனிடமிருந்து ஒன்று, சேலத்திடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு சுதந்திரங்கள் என்பதும், இரண்டாவதைக் காந்தி ஜயந்தியன்று கொடுத்ததால் அதுவும் அகிம்சை வழியிலேயே வந்தது என்பதும் அவர் கண்டுபிடிப்பு.

இத்தனை வருஷம் கட்டியவர் ஒருமுறையாவது இழுக்க வேண்டாமா என்று யாராவது அனுதாபப்பட்டால், அதற்கும் நஜீர் கைவசம் இருந்தது. சுதந்திர தினத்தில் கோட்டையில் கொடியேற்றும் உரிமை மாநில முதலமைச்சர்களுக்கே, கருணாநிதி வாதாடிப் பெற்ற பிறகு, 1974-இல்தானே கிடைத்தது? “இருபத்தேழு வருஷம் அவங்களே பொறுத்திருந்தாங்க, எனக்கு என்ன அவசரம்?” என்பார்.

பிறகு அவசரமும் வந்தது. எந்தக் குடிமகனும் எந்நாளும் உரிய மரியாதையோடு தேசியக் கொடியைப் பறக்கவிடலாம் என்ற புதிய கொடி விதிகள் 2002 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தன என்று படித்தறிந்த பெரியப்பா, அவ்வருஷ ஆகஸ்டுக்குள் எங்கள் மொட்டை மாடியில் சொந்தச் செலவில் ஒரு கம்பம் நாட்டினார். கம்பம் அவருடையது, கொடி அவருடையது, முடிச்சும் அவருடையது. தடுப்பார் ஒருவரும் இல்லை. குடும்பம் முழுவதும் குளித்து மாடியேறிக் கைகூப்பி நிற்க, அவர் மாத்திரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இழுங்களேன், வெயில் ஏறுது” என்றாள் பெரியம்மா.

“இரு. எதிர்வீட்டுத் தாசில்தாரைக் கூப்பிட்டிருக்கேன். தலைமை இல்லாம என்ன விழா?”

“நல்லாயிருக்கு! முடிச்சுப் போட்டே பழகின கை. அவுக்கிற யோகம் உங்க ஜாதகத்துலயே இல்ல.”

தாசில்தார் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். பெரியப்பாவுக்கு அதில் பரம திருப்தி. பிரதம விருந்தினர் என்றால் அப்படித்தான் வர வேண்டுமாம்.