ப்ரோகிராம் எழுதியவருக்கும் ஒரு மைக்

ஆராய்ச்சிக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் மாநாட்டு மேடை ஏறுவது பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

● நான் பிஎச்.டி. மாணவி. எங்கள் லேபில் எல்லோருடைய டேட்டாவையும் அலசித் தருவது நான் எழுதிய பைத்தான் ப்ரோகிராம்தான். பேப்பர் வெளிவந்தால் நன்றி சொல்லும் வரியில்கூட என் பெயர் இருப்பதில்லை. கைடைக் கேட்டால், “நீ சும்மா கோடிங்தானேம்மா பண்ணினே” என்கிறார். என் வேலைக்கு என்னதான் பெயர்?
– பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று எழுதிய வாசகி, செவ்வாப்பேட்டை

அந்தச் ‘சும்மா’வை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், லேபே சும்மா இருக்கும். ‘ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்’ என்பது உங்கள் வேலையின் பெயர். 2012-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த ஒரு பயிலரங்கில், உங்களைப்போலவே நொந்துபோன சிலர் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்டது. 2014-இல் பிரிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஆராய்ச்சிக்கு மென்பொருளைப் பயன்படுத்துவதாக நூற்றுக்கு 92 பேர் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் ஆராய்ச்சியே நடக்காது என்றவர்கள் பத்தில் ஏழு பேர். இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கைடின் மேஜையில் வைக்கலாம். வைவா முடியட்டும், அப்புறம்.

● இதற்கெல்லாம்கூடவா மாநாடு நடத்துகிறார்கள்?
– ஆச்சரியப்படும் வாசகர், கும்மிடிப்பூண்டி

நடத்துகிறார்கள். பந்தல், பொன்னாடை, தலைமை உரை முடிந்ததும் காலியாகும் முன்வரிசை இதெல்லாம் இல்லாமலே. முதல் மாநாடு 2016 செப்டம்பரில் மான்செஸ்டரின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் நடந்தது. ஆராய்ச்சி ப்ரோகிராம்களில் பல அங்கே வைக்கவேண்டிய வயதுடையவை என்பதற்காக அந்த இடத்தைப் பிடித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மானியர்கள் 2019-இல் போட்ஸ்டாமில் கூடினார்கள், அமெரிக்கர்கள் 2023-இல் சிகாகோவில்.

● வெள்ளைக்காரர்கள் செய்த பிறகுதான் நமக்கு எதுவும் தோன்றுமா?
– கொதிக்கும் தமிழ் ஆசிரியர், திருநின்றவூர்

கொதிக்காதீர்கள், நாம்தான் முந்திக்கொண்டோம். 1997-இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். மென்பொருள் எழுதியவர்களும் மொழியறிஞர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டது அங்கேதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ நடந்தது. ஆளுக்கொரு விசைப்பலகை வைத்திருந்தவர்களைக் கூட்டிவைத்துப் பேசி முடித்ததில் கிடைத்ததுதான் ‘தமிழ் 99’ விசைப்பலகை. மறு ஆண்டு, இந்த வேலையைத் தொடர உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. மேடையில் ஒருவர் தன் வேலையைக் காட்டியதால், கேட்டவர் எதிர்த்துப் பேசியதால் ஒரு மொழிக்கே தீர்வு கிடைத்தது. மாநாடு எதற்கு என்று கேட்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

● வெளிநாடு போக வசதியில்லை. அக்கம்பக்கத்தில் மேடை ஏதாவது உண்டா?
– பாஸ்போர்ட் இல்லாத பொறியாளர், காக்களூர்

பைத்தான் எழுதுகிறவர்களின் மாநாடான ‘பைகான் இந்தியா’ 2009-இல் பெங்களூரில் தொடங்கியது. 2019-இல் சென்னைக்கே வந்துவிட்டுப் போனது. அறிவியல் கணிமைக்கென்றே ‘சைபை இந்தியா’ அதே 2009-இல் திருவனந்தபுரத்தில் ஆரம்பித்தது. அதன் பின்னால் நின்றவர்களில் பிரபு ராமச்சந்திரன் ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். அவர் எழுதிய ‘மாயாவி’ முப்பரிமாணத்தில் தரவுகளைக் காட்டும் மென்பொருள், அதை உலகமெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கடல் தாண்டித்தான் பேசவேண்டும் என்றால், உதவித்தொகை உண்டா என்று அமைப்பாளர்களைக் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு விசா தேவையில்லை.

● என் ப்ரோகிராம் வெறும் முந்நூறு வரி. அதற்கு ஒரு மேடையா?
– கூச்ச சுபாவி, புட்லூர்

ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைத் திரையில் பார்ப்பதற்காகத் தனக்கென்று ஒரு கருவி செய்துகொள்ளப் போனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘மேட்பிளாட்லிப்’. இன்று எந்த லேபில் எட்டிப் பார்த்தாலும் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கும். 2019-இல் வெளியான கருந்துளையின் முதல் படத்துக்கான வேலையிலும் அதற்குப் பங்குண்டு. வரியை எண்ணுவது கவிஞர்களின் தொழில். உங்கள் முந்நூறு வரியால் யாருக்கு எத்தனை நாள் வேலை மிச்சமானது என்று எண்ணுங்கள், அதைச் சொல்லுங்கள்.

● பேச்சுச் சுருக்கம் எப்படி எழுதினால் தேர்வு செய்வார்கள்?
– மூன்று முறை திரும்பி வந்தது என்பவர், ஆவடி

‘முற்றிலும் புதுமையான, அதிநவீன’ என்று தொடங்கியிருப்பீர்கள். நடுவர்கள் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். நான்கு விஷயம் போதும். யாருக்கு என்ன தொல்லை இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எது எடுபடவில்லை, கேட்பவர் தன் லேபுக்கு எதை எடுத்துக்கொண்டு போகலாம். நான்காவதை எழுத முடியாவிட்டால், உங்களிடம் இருப்பது பேச்சு இல்லை, விளம்பரம்.

● எது எடுபடவில்லை என்று பொதுவில் சொன்னால் மானம் போகாதா?
– கௌரவம் பார்க்கும் உதவிப் பேராசிரியர், திருவள்ளூர்

சொல்லாமல் மாட்டிக்கொண்டால்தான் போகும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றது அது. பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டிச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி போட்ட இடத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. தரவுகளைத் தேர்ந்த விதத்திலும் சேர்த்த விதத்திலும் கோளாறு. எல்லாவற்றையும் சரிசெய்ததும், கடன் அந்த 90-ஐத் தாண்டிய நாடுகளின் மைனஸ் 0.1 சதவீத வளர்ச்சி 2.2 சதவீதமாக எழுந்து நின்றது.

இன்னொன்று. மார்ச் 1, செப்ட் 2 என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் கண்டுபிடித்தார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? பெயரிடும் குழு இறங்கிவந்து, அந்த மரபணுக்களுக்கு வேறு பெயர் வைத்துவிட்டதாக 2020-இல் அறிவித்தது. அன்று எக்செல் அசையவில்லை.

இப்படிப்பட்ட கதைகளைத்தான் ஆராய்ச்சி மென்பொருள் மாநாடுகளில் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கிறார்கள். வெற்றிக் கதைக்குக் கைதட்டல் கிடைக்கும். பிழைக் கதைக்குத் தேநீர் இடைவேளையில் ஆள் சேரும்.

● என் கோடிங்கை நானே திரும்பப் படிக்கமாட்டேன். அதை எப்படி ஊருக்குக் காட்டுவது?
– வெட்கப்படும் தம்பி, வேப்பம்பட்டு

கொரோனா காலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நீல் ஃபெர்குசன் குழுவின் நோய்ப் பரவல் ப்ரோகிராம் 2020-இல் வெளியானபோது, உலகத்து ப்ரோகிராமர்கள் கூடிச் சிரித்தார்கள். பிறகு கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லன் அதை ஓட்டிப் பார்த்தார். ஃபெர்குசன் குழு தன் அறிக்கையில் சொன்ன முடிவுகள் திரும்பவும் வந்தன. அழகு இல்லாதது ஒரு குறை, திறந்து காட்டாதது அதைவிடப் பெரிய குறை. காட்டுங்கள் தம்பி. சிரிப்பவர்களில் ஒருவராவது திருத்தித் தருவார்.

● நான் தொழிற்சாலையில் எந்திரங்களின் அதிர்வை அளந்து, பழுதை முன்கூட்டியே சொல்லும் ப்ரோகிராம் எழுதியிருக்கிறேன். பேசலாமா?
– சிப்காட் ஊழியர், கும்மிடிப்பூண்டி

பேசலாம், நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு. வாய்வழி ‘சரிப்பா’ மேடை இறங்கியதும் மறந்துபோகும். முறையைச் சொல்லுங்கள், நிறுவனத்தின் டேட்டாவைக் காட்டாதீர்கள். அதே மாதிரி செயற்கையாகத் தயாரித்த எண்களை ஓட்டிக் காட்டினால் போதும்.

● மேடையிலேயே டெமோ செய்து அசத்தலாமா?
– துணிச்சல்காரர், பட்டாபிராம்

அரங்கின் வைஃபையை நம்பி அசத்தப் போனவர்கள், சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். முன்கூட்டியே வீடியோ எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். கடைசி வரிசைக்காரருக்குத் தெரியாத ப்ரோகிராம் எழுதப்படாத ப்ரோகிராம்தான்.

● நேரத்துக்குள் பேசி முடிக்க என்ன வழி?
– வளவளா, செவ்வாப்பேட்டை

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் வண்டி ஏறி, திருவள்ளூரில் இறங்குவதற்குள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். புட்லூர் தாண்டியும் முன்னுரையிலேயே இருந்தால் ஸ்லைடைக் குறையுங்கள், வண்டியைத் திட்டாதீர்கள்.

● எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது.
– ஒரே வரியில் எழுதியவர், பூண்டி

ஜெர்மானியர்களின் போட்ஸ்டாம் மாநாட்டில் பேசியவர்களில் பலருக்கும் அது வீட்டு மொழி இல்லை. நிதானமாகப் பேசுங்கள், படங்களைப் பேசவிடுங்கள். பூண்டிக்காரர் கூசலாமா? உங்கள் பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி 2018-இல் ‘நேச்சர்’ இதழே எழுதியது. அவற்றில் ஒரு பகுதி சுமார் 3,85,000 ஆண்டுப் பழமையானது என்று கணித்தார்கள். அத்தகைய காலக்கணிப்புக்கென்றே ‘லுமினசன்ஸ்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. கல்லை எடுத்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. கணக்குப் போடும் ப்ரோகிராமை எழுதுகிறவர்களின் பெயரும் தெரியவேண்டாமா?

● பேசி முடித்தபின் எல்லோரும் மறந்துவிடுவார்களே?
– ஞானி, திருத்தணி

மறக்காதபடி செய்யலாம். ‘செனோடோ’ தளத்தில் ப்ரோகிராமை ஏற்றினால் நிரந்தர அடையாள எண் தருவார்கள், மற்றவர்கள் மேற்கோள் காட்ட அது போதும். ‘ஜாஸ்’ என்ற ஆய்விதழ் 2016 முதல் மென்பொருளுக்கென்றே நடக்கிறது, பதிப்பிக்கப் பணம் கேட்பதில்லை. உரிமம் எது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அது இல்லாமல் உங்கள் ப்ரோகிராமை யாரும் சட்டப்படி தொட முடியாது.

● இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. முழுதாக முடித்துவிட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாமா?
– அவசரப்படாதவர், அரக்கோணம்

முழுதாக முடிந்த மென்பொருளைப் பார்த்தவர் யாரும் இல்லை. அடுத்த ஆண்டும் இதே கேள்வியைத்தான் அனுப்புவீர்கள், நானும் இதே பதிலைத்தான் எழுதுவேன். இருப்பதை வைத்து இன்று இரவே சுருக்கத்தை எழுதுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.