பாதாள அஞ்சனக்காரர்

அஞ்சனம் போட்டுப் புதையல் பார்ப்பது என்று ஒரு வித்தை உண்டு. மையைக் குழைத்துத் தடவிக்கொண்டு பார்த்தால், மண்ணுக்குள் இருக்கும் குடமும் குடத்துக்குள் இருக்கும் காசும் தெரியும் என்பார்கள். அப்படி மைபோட்டுப் பார்த்துப் பணக்காரரான ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் மை இல்லாமலேயே, ஒரு ஃபைலை டவுன்லோட் செய்து போட்டுக்கொண்டு, பாதாளம் வரை பார்க்கிற ஒருவரைத் தெரியும். எந்த மைன்கிராஃப்ட் சர்வருக்குள் நுழைந்தாலும் நமக்கு முன்பே அவர் அங்கே இருப்பார், தலையிலிருந்து கால்வரை வைரக் கவசத்தோடு.

அவரைப் புரிந்துகொள்ள அந்த விளையாட்டைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009-இல் வெளியிட்டது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் அவருடைய நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. இத்தனை கோடிப் பேரும் செய்கிற வேலை என்னவென்றால், கல் உடைப்பது. அந்த உலகமே ஒரு மீட்டர் நீள, அகல, உயரக் கட்டிகளால் ஆனது. கட்டியை உடைத்துப் பையில் போடலாம், பையிலிருந்து எடுத்து வீடு கட்டலாம். வைரம் மட்டும் அடியாழத்தில் கிடக்கும். முன்பெல்லாம் 11, 12-ஆம் மட்டத்தில் தோண்டினால் போதும். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பு பூமியை இன்னும் 64 கட்டி ஆழமாக்கியது. அன்றிலிருந்து வைரம் வேண்டுமென்றால் மைனஸ் 59 பக்கம் போய்த்தான் முட்ட வேண்டும். அங்கே கல்லும் சாதாரணக் கல் இல்லை, கன்னங்கரேலென்ற டீப்ஸ்லேட். உடைய இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

சாதாரண மனிதர்கள் அங்கே என்ன செய்வார்கள்? ஒரு நீளமான சுரங்கம் வெட்டி, அதிலிருந்து சீப்புப் பல்போலக் கிளைகள் வெட்டிக்கொண்டே போவார்கள். கல், கல், கல், கொஞ்சம் சரளை, திடீரென்று ஊற்றும் எரிகுழம்பு, மறுபடி கல். அரை மணி நேரம் கழித்து ஒரு மூலையில் நீலமாக ஒரு மினுக்கு. அந்த மினுக்கைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து குதித்த பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும்.

நம்மவருக்கு அந்த அரை மணி நேரம் கிடையாது. அவர் ஒரு பொத்தானைத் தட்டுவார். கல்லெல்லாம் மறைந்துவிடும். அந்தரத்தில் வைரங்கள் தொங்கும், தீபாவளிக் கடை சீரியல் பல்புபோல.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சர்வர் நம் கம்ப்யூட்டருக்கு உலகத்தை 16-க்கு 16 துண்டு துண்டாக, வானத்திலிருந்து அடிவரை, உள்ளே இருப்பது அத்தனையோடும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. எதைத் திரையில் வரைவது என்பதை நம் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அவர் டவுன்லோட் செய்து போட்டுக்கொண்ட ஃபைலான எக்ஸ்ரே மாட், "கல்லை வரையாதே, வைரத்தை மட்டும் வரை" என்று சொல்கிறது, அவ்வளவுதான். கல்லின் படத்தையே கண்ணாடிபோல ஆக்கிவிடும் ரிசோர்ஸ் பேக்குகளும் உண்டு. கவரை ஒட்டிக் கொடுத்தனுப்பிய கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கும் தபால்காரர் வேலை.

எக்ஸ்ரே என்ற பெயர்தான் கொஞ்சம் அநியாயம். 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படமெடுத்தபோது அதில் எலும்பும் தெரிந்தது, மோதிரமும் தெரிந்தது. நம்மவர் எடுக்கிற படத்தில் மோதிரம் மட்டும்தான் விழும்.

நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஆடும் சர்வருக்கு அவர் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். வேலைக்குப் போகிறவர், முப்பதை நெருங்குகிறவர். மற்றவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அட்மின் கல்லூரி இரண்டாம் ஆண்டு. காலையில் மரக் கோடரியோடு நின்றார். பொதுச் சுரங்கத்துக்கு வழி கேட்டார். சாயங்காலம் வைரத் தலைக்கவசம், மார்புக் கவசம், கால் கவசம், காலணி என்று ஊர்வலம் வந்தார். ஐந்து, எட்டு, ஏழு, நான்கு. கவசத்துக்கு மட்டும் இருபத்து நான்கு வைரம். குந்தாலிக்கு மூன்று, வாளுக்கு இரண்டு.

"அண்ணா, எப்படிண்ணா?" என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"எல்லாம் ஒரு அனுபவம்தாம்பா. கல்லோட சத்தத்தைக் கேக்கணும்."

அன்று ராத்திரி ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்பீக்கரை முழுதாக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கல்லுக்குக் காதுகொடுத்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நம்மவரைச் சோம்பேறி என்று நினைத்தால் அது பெரிய தப்பு. எங்கள் சர்வரிலேயே அதிகம் உழைத்தவர் அவர்தான். தெரியாததைத் தேடுவது சுலபம். தெரிந்ததைத் தெரியாதவர்போலத் தேடுவதற்குத் தேர்ந்த நடிப்பு வேண்டும். வைரத்துக்கு நேராகப் போகக் கூடாது. இரண்டு கட்டி தள்ளி, அதைக் கண்டுகொள்ளாதவர்போலக் கடந்து, திரும்பி வரும்போது தற்செயலாக இடித்துத் திறக்க வேண்டும். மூன்று இடத்தில் வைரம் எடுத்தால் நான்காவதாக ஒரு வெற்றுச் சுரங்கத்தைப் பத்துக் கட்டி நீளத்துக்கு வெட்டி, வெறுத்துப்போனதுபோல விட்டுவிட வேண்டும். அகப்பட்டதும் "அடேயப்பா!" என்று அரட்டையில் தட்ட வேண்டும். அந்த "அடேயப்பா" தாமதமாகவும் வரக் கூடாது, முந்தியும் வரக் கூடாது. ஒருமுறை அவசரத்தில் அவர் "அடேயப்பா" என்று போட்டுவிட்டு நான்கு வினாடி கழித்துத்தான் கல்லை உடைத்தார்.

இவ்வளவு நடித்தும் சில இடங்களில் கோட்டைவிடுவார். அவர் வெட்டிய சுரங்கத்தில் ஒரு தீப்பந்தம்கூட இருக்காது. அவருடைய மாட் பாதாளத்தையும் பட்டப்பகலாகக் காட்டிவிடுவதால் வெளிச்சம் வேண்டும் என்கிற நினைப்பே அவருக்கு வருவதில்லை. துளி வெளிச்சமில்லாத இடத்தில் அந்த உலகத்தில் பூதங்கள் முளைக்கும். அவர் பின்னாலேயே நம்பிப் போன பிள்ளைகளை இருட்டிலிருந்து கிரீப்பர் என்கிற பூதம் ஒன்று "உஸ்" என்று வரவேற்று வெடித்தது. "ஆந்தையா அண்ணா நீங்க?" என்று செத்துப் பிழைத்த பையன் கேட்டான். "கண்ணு பழகிடுச்சுப்பா" என்றார்.

இன்னொரு சங்கடம் தரை. கல்லை மறைத்துவிட்டால் சுவர் மட்டுமா மறையும்? தரையும் மறையும். கல் எது, காலி இடம் எது என்று தெரியாது. தூரத்து வைரத்தில் கண்ணை வைத்து நடந்தவர் காலடியில் இருந்த குகைக்குள் போய் விழுந்தார். "உயரத்திலிருந்து விழுந்து இறந்தார்" என்று சர்வர் எல்லாருக்கும் அறிவித்தது. மேடு பள்ளம் தெரியாத மனிதர் வைரம் இருக்கும் இடத்தை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று முதலில் யோசித்தது அந்த ஏழாம் வகுப்புப் பையன்தான்.

அவர் வாயும் அவரைக் காட்டிக்கொடுத்தது. எக்ஸ்ரே வைரத்தோடு நிற்பதில்லை, அடுத்தவர் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்த பெட்டியையும் காட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருநாள் ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "படிக்கட்டுக்கு அடியில இருக்கே, அந்தப் பெட்டியில ஜாக்கிரதையா வெச்சுக்கோங்க."

"அங்க பெட்டி இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"எல்லா வீட்லயும் படிக்கட்டுக்கு அடியில பெட்டி இருக்கும்ல, பொதுவாச் சொன்னேன்."

சர்வரில் யாராவது ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது முதல் ஆளாகக் கண்டித்தவரும் அவர்தான். "இந்த எக்ஸ்ரேக்காரங்களை விடவே கூடாது தம்பி" என்று அட்மினுக்குத் தனிச் செய்தி அனுப்பினார். அட்மின் "சரிங்கண்ணா" என்று பதில் போட்டுவிட்டு, அன்றிலிருந்து அவர் பின்னாலேயே நிற்க ஆரம்பித்தான். அட்மின்களுக்கு ஸ்பெக்டேட்டர் என்று ஒரு நிலை உண்டு. யார் கண்ணிலும் படாமல் சுவருக்குள்ளேயே புகுந்து பார்க்கலாம். மைனஸ் 59-இல் இருப்பதெல்லாம் தெரிந்த நம்மவர், தோளுக்குப் பின்னால் மூன்று நாள் மிதந்துகொண்டிருந்த பையனைப் பார்க்கவில்லை. அவர் போன பாதையை அட்மின் எனக்கும் காட்டினான். நேராக இருபது, இடப்பக்கம் ஒடிந்து எட்டு, கீழே ஐந்து, வைரம். அங்கிருந்து குறுக்கே பதினான்கு, வைரம். சமையலறையில் எறும்பு சர்க்கரை டப்பாவுக்குப் போட்ட வழி.

நான்காம் நாள் விசாரணை.

"அண்ணா, அன்னைக்கு எத்தனை டைமண்ட் எடுத்தீங்க?"

"எண்ணலைப்பா. முப்பது இருக்கும்."

"முப்பத்தொண்ணு. அதுக்கு எத்தனை கல் உடைச்சீங்க?"

"அதைப் போய் யாருப்பா எண்ணுவா?"

"சர்வர் எண்ணுதுண்ணா. நூத்திநாப்பது."

யார், எந்தக் கட்டியை, எப்போது உடைத்தார் என்று அத்தனையையும் எழுதி வைக்கும் கோர்ப்ரொடெக்ட் என்கிற நிரல் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. முறையாகத் தோண்டுகிறவர் முப்பத்தொரு வைரம் பார்க்க ஆயிரக்கணக்கில் கல் உடைத்திருப்பார். நம்மவர் வழக்கமான படிகளில் இறங்கினார். முதலில் அதிர்ஷ்டம். அப்புறம் எரிகுழம்புச் சத்தம் கேட்டுப் போனது. அப்புறம், தம்பி பையன் கம்ப்யூட்டரில் எதையோ போட்டுவிட்டான். கடைசியாகத் தத்துவம்: "நாள் முழுக்க ஆபீஸ்ல கல் உடைக்கிறேன். இங்க வந்தும் உடைக்கணுமா?" இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் தன் சொந்த உலகத்தில் தனியாக இப்படி ஆடினால் கேட்க யாருக்கு உரிமை? பதினைந்து பேர் ஒரே பாறையை முட்டும் இடத்தில்தான் அது திருட்டு.

அட்மின் நல்ல பையன். அவரைத் துரத்தவில்லை. கவசத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, சர்வரில் எக்ஸ்ரே தடுப்பை இயக்கி விட்டான். பேப்பர் என்கிற சர்வர் மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது. ஒரு முறையில், காற்றுப்படாமல் புதைந்திருக்கும் வைரத்தைக் கல் என்றே சொல்லி அனுப்பும். இன்னொரு முறை குறும்பானது. கல்லையெல்லாம் வைரம், தங்கம் என்று கலந்து பொய் சொல்லி அனுப்பும். பக்கத்தில் இடித்ததும்தான் உண்மை வெளிவரும். அட்மின் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான்.

அன்று இரவு நம்மவர் வழக்கம்போலப் பொத்தானைத் தட்டினார். திரை முழுக்க வைரம். இடது, வலது, மேலே, கீழே, எங்கும் வைரம். ஓடிப்போய் ஒன்றை நெருங்கினார், கல்லாகிவிட்டது. அடுத்ததும் கல். ஷோகேஸில் வைத்த மெழுகுப் பழத்தை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்க்கும் விருந்தாளிபோல ஓயாமல் இடித்தார். பதினோரு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணி வரை, அந்தச் சர்வரில் முதல்முறையாக, உண்மையாகவே கல் உடைத்தார். மறுநாள் கோர்ப்ரொடெக்ட்டில் பார்த்தோம். இரண்டாயிரத்துச் சொச்சம் கல், எட்டு வைரம். அந்த எட்டில் ஒன்றுக்குக்கூட அவர் "அடேயப்பா" போடவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

இப்போது அவர் வேறு சர்வருக்குப் போய்விட்டார். உங்கள் சர்வராகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க மென்பொருள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். புதிதாக வந்தவர் ஒரே நாளில் வைரக் கவசத்தோடு நின்றால், வீடு கட்ட நாலு அடுக்கு டீப்ஸ்லேட் கடனாகக் கேளுங்கள். ஓர் அடுக்கு என்பது 64. நேர்மையாக வைரம் தோண்டினவர் வீட்டில் வேறெது இல்லாவிட்டாலும் உடைத்த கல் பெட்டி பெட்டியாக நிறைந்து, வைக்க இடமில்லாமல் கிடக்கும். கேட்டதற்கு மேலேயே அள்ளித் தருவார். நம்மவரிடம் கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார். பிறகு, "கல்லு இல்லைப்பா, வேணும்னா ரெண்டு வைரம் தரவா?" என்பார்.