சம்பந்திக்கு ஐஸ் வைத்த கதை

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், பெண்ணைப் பெற்றவன் உடனே பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த 'ஒண்ணும்' என்பது தலைப்பு. பட்டியல் இனிமேல்தான் வரும்.

என் சம்பந்தியும் அப்படித்தான் சொன்னார். "பொண்ணைக் கட்டின புடவையோட அனுப்புங்க, போதும்." அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அதற்குள் காபி வந்துவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, "போன தை மாசம் எங்க அண்ணன் பொண்ணுக்கு ரிசப்ஷன். வாசல்ல ஐஸ்லயே ரெண்டு அன்னம் செஞ்சு வச்சிருந்தாங்க. அது பாருங்க..." என்று ஆரம்பித்தார்.

"வச்சிருவோம் சம்பந்தி!" என்றேன்.

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சொல்லவே வேண்டாம். என் பொறுப்பு" என்று அடைத்துவிட்டேன். 31 வருஷம் பௌதிக வாத்தியாராக இருந்தவன் நான். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லும் பையனைத்தான் கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறேன்.

வாசல் தாண்டியதும் என் மனைவி, "என்னங்க, திருச்சியில, வைகாசி மாசத்துல, ஐஸ்ல அன்னமா? ஐஸ் வைக்கிறதுன்னா வாயால வச்சா போதாதா?" என்றாள்.

சம்பந்தி வீடு சென்னையில் ஐஸ் ஹவுஸ் பக்கம். அந்த வட்டாரத்துக்கு ஐஸ் மேல் பரம்பரை பாத்தியதை உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் புதைத்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, நான்கு மாதக் கடல்வழியில் இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-ல் முதல் கப்பல் கல்கத்தா போயிற்று. ஏற்றிய 180 டன்னில் ஏறக்குறைய 100 டன் கரையாமல் கரை சேர்ந்தது. சென்னையில் அந்தச் சரக்கை வைக்க 1842-ல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். பின்னால் 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஐஸ் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பஸ் ஸ்டாப்பின் பெயர் மட்டும் உருகவில்லை. பாஸ்டன் ஐஸ் திருவல்லிக்கேணி வரை வந்தபோது, நம் ஐஸ் மண்டப வாசல் வரை வராதா என்று மனைவியைச் சமாதானப்படுத்தினேன்.

விலை கேட்டபோது எனக்குச் சமாதானம் தேவைப்பட்டது. ஓர் அன்னத்துக்கு என் ஒரு மாதப் பென்ஷன். அன்னம் தனியாக நிற்கக் கூடாதாம், ஜோடி வேண்டுமாம். எனவே இரண்டு மாதப் பென்ஷன்.

மாற்று வழிகளை யோசித்தோம். "மணல்ல செய்யச் சொல்லலாமே, நமக்குக் காவிரி இருக்கு" என்றாள் மனைவி. யோசனை மட்டமில்லை. பூரிக் கடற்கரையில் மணல் சிற்பம் செய்யும் சுதர்சன் பட்நாயக்குக்கு 2014-ல் பத்மஸ்ரீயே கொடுத்தார்கள். மணலை நிற்க வைப்பது அதில் கலந்த கொஞ்சம் தண்ணீர். துகளுக்குத் துகள் பாலம் போட்டு இழுத்துப் பிடிக்கும். அலையில் உருண்டு உருண்டு மூலை மழுங்கிய கடல் மணலைவிட, இன்னும் முனை மழுங்காத ஆற்று மணல் ஒன்றையொன்று நன்றாகக் கவ்விக்கொள்ளும். எல்லாம் சரிதான். ஆனால் இன்றைய நிலவரத்தில் ஒரு லாரி ஆற்று மணலை மண்டபத்தில் கொட்டினால் ஒருவனும் சிற்பம் பார்க்க வரமாட்டான். சாக்கோடு வருவான். "மாமா, மாடிப் பூச்சு வேலை பாக்கி இருக்கு" என்று மொய்க் கவரை ஒரு கையிலும் மண்வெட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கும் உறவினர்கள் எனக்கு உண்டு.

அமெரிக்காவிலிருக்கும் மச்சினன் போனில் வந்தான். "அத்தான், இங்க பூசணிக்காயைக் குடைஞ்சு முகம் செதுக்குறாங்க, உள்ளே விளக்கு வைக்கிறாங்க, பிரமாதமா இருக்கு." அயர்லாந்துக்காரர்கள் ஆதியில் டர்னிப்பைக் குடைந்தவர்கள். அமெரிக்கா போன இடத்தில் பெரிதாக, மெத்தென்று பூசணி கிடைத்ததும் அதற்கு மாறிக்கொண்டார்கள். பூசணிக்கு முகம் போடுவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கட்டி முடியாத வீடு எதைப் பார்த்தாலும் முறுக்கு மீசையும் கோரைப் பல்லுமாக ஒன்று தொங்குகிறதே! மனைவியிடம் சொன்னேன். "கல்யாண வாசல்ல திருஷ்டிப் பூசணியா? அதுவும் அந்த மீசையோட வச்சா, உங்க சம்பந்தி தன்னைத்தான் வச்சிருக்கோம்னு நினைச்சுப்பார்" என்றாள். பூசணி அத்தோடு விழுந்தது.

பூசணி போனாலும் தர்பூசணி வந்தது. "காண்டிராக்ட்ல சேர்த்தி சார், மாப்பிள்ளை முகத்தையே செதுக்கித் தர்றோம்" என்றார் சமையல் காண்டிராக்டர். தர்பூசணியில் மூன்று நிறம் உண்டு. மேல் தோல் பச்சை, அடியில் வெள்ளை, உள்ளே சிவப்பு. எவ்வளவு ஆழம் கத்தி போகிறதோ அதற்கேற்ற நிறம் வரும்; அதை வைத்தே நிழலும் வெளிச்சமும் காட்டுவார்கள். எங்களுடையதில் கத்தி கொஞ்சம் தாராளமாகவே போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை விஷயம். முப்பது வருஷம் கழித்து அவர் அப்படி இருக்கலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதற்குள் ஒரு குழந்தை அவர் மூக்கைத் தின்றுவிட்டது.

ஆக, அன்னம்தான் என்று முடிவாயிற்று. செதுக்க வந்த தம்பி கேட்டரிங் காலேஜில் படித்தவர். நட்சத்திர ஹோட்டல் சமையலறையில் காரட்டை ரோஜாவாகவும் ஐஸை மீனாகவும் மாற்றும் பிரிவில் பழகியவர். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே ஆள் அனுபவசாலி என்று தெரிந்துவிட்டது.

"பொண்ணு மாப்பிள்ளை எத்தனை மணிக்கு சார் மேடை ஏறுவாங்க?"

"ஆறரை."

"நிஜ ஆறரையா, பத்திரிகை ஆறரையா?"

எனக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்ல எல்லாம் டயத்துக்கு நடக்கும் தம்பி."

"சரி சார். நாலு மணி நேரம் நிக்கும். அதுக்கு மேல அது என் அன்னம் இல்ல. அடியில ட்ரே வரும், ட்ரேயிலேர்ந்து ட்யூப் வரும், ட்யூப்புக்குக் கீழ பக்கெட். பக்கெட்டை மாத்த ஒரு ஆள் மட்டும் போட்டுருங்க."

"பார்த்துக்கலாம்" என்றேன். தமிழ்க் கல்யாணங்களில் நடந்த எல்லா விபத்துக்கும் ஆரம்பம் இந்த ஒரு வார்த்தைதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஐஸ் வந்தது. சுத்த சைவக் கல்யாணம். வந்ததோ மீன் வண்டியில். குளிர் வண்டி வேறு கிடைக்கவில்லையாம். அன்னத்தைச் சுற்றி லேசாக ஒரு வஞ்சிர வாசனை. சாம்பிராணி போட்டு ஈடுகட்டினோம்.

சாக்கைப் பிரித்ததும் நான் அசந்துபோனேன். உயரம் 40 அங்குலம், அகலம் 20, கனம் 10. ஐஸின் அடர்த்தியையும் சேர்த்துப் பெருக்கினால் ஒரு பாளம் சுமார் 120 கிலோ. அந்தப் பக்கம் நின்ற சமையல்காரரின் தொப்பை இந்தப் பக்கம் துல்லியமாகத் தெரிந்தது. மீன் மார்க்கெட் ஐஸ் பார் ஏன் நடுவில் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டேன். வாத்தியார் புத்தி, விடை தெரிந்தும் கேட்பது. "தகர டின்னுல நாலு பக்கமும் இருந்து உறையும் சார். தண்ணியில இருக்கிற காத்தெல்லாம் ஓட இடமில்லாம நடுவுல மாட்டிக்கும். இது அடியிலேர்ந்து மேல மெதுவா உறைஞ்சது. மேல் தண்ணியை மோட்டார் வச்சு அசைச்சுக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு மூணு நாள் ஆகும்." முழு மதிப்பெண் போட்டேன்.

உடனே செதுக்குவார் என்று பார்த்தால் சும்மா உட்கார்ந்துவிட்டார். "வேர்க்கணும் சார். குளிர் வேகத்துல வாளை வச்சா விரிசல் விட்டுரும். மேல பூத்த வெள்ளை போய்த் தண்ணி கசியட்டும்." நான் ஒரு வாரமாக வேர்த்துக்கொண்டுதான் இருந்தேன், என்னை யாரும் காத்திருந்து கையாளவில்லை.

பிறகு மரம் அறுக்கும் மோட்டார் வாளை எடுத்தார் பாருங்கள்! நாதஸ்வரக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கச்சேரிக்குத் தான் பக்கவாத்தியம் இல்லை என்று போய்விட்டார். வெண்துகள் மழையாய்ப் பறந்தது. கல்யாணத்துக்கு வந்த பொடிசுகள் எல்லாம் பனியில் ஆடின. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. 120 கிலோவுக்குக் காசு. கண் முன்னால் பாதி தரையில் போகிறது. "தம்பி, மிச்சத்துல ஒரு வாத்தாவது செய்யக்கூடாதா?" என்று கேட்டேவிட்டேன். சிரித்துக்கொண்டே உளியை எடுத்தார்.

கழுத்து வளைந்தது. இறக்கை விரிந்தது. "ஏம்ப்பா, உருகிப் போறதுக்கு ஏன் இவ்வளவு நுணுக்கம்?" என்றேன். அவர் எஸ்கோஃபியே கதையைச் சொன்னார். 1890களில் லண்டன் சவாய் ஹோட்டலில், பாடகி நெல்லி மெல்பாவுக்காக அந்தச் சமையல் மேதை ஐஸில் ஓர் அன்னம் வைத்து, அதன் இறக்கைகளுக்கு நடுவே பீச் பழமும் வெனிலா ஐஸ்கிரீமும் பரிமாறினாராம். அந்த அம்மாள் நடித்த இசை நாடகத்தில் அன்னம் இழுக்கும் படகு வந்ததற்காக. அன்னம் அன்றே போயிற்று. பண்டம் பீச் மெல்பா என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. அவருக்கும் நாலு நூற்றாண்டு முன்பே, 1494-ல், ஃபிளாரன்ஸில் பனி கொட்டியபோது பியரோ டி மெடிச்சி என்ற பிரபு மைக்கலாஞ்சலோவைக் கூப்பிட்டு முற்றத்தில் பனியால் சிலை செய்யச் சொன்னான். மைக்கலாஞ்சலோவே செய்திருக்கிறார், நான் யார் கேள்வி கேட்க?

யோசித்துப் பார்த்தால், அழியப் போவதற்குக் காசு கொடுப்பதில் நாமும் இளைத்தவர்கள் இல்லை. காலையில் போட்ட கோலத்தை மத்தியானம் மாடு மிதிக்கும். சாமிக்குப் பார்த்துப் பார்த்துச் சாத்திய சந்தனக்காப்பு மறுநாள் பிரசாதமாகிவிடும். களிமண் பிள்ளையாருக்குக் கிணறு காத்திருக்கும். பிள்ளைத்தமிழில் பெண் பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டைக் குழந்தைக் கடவுள் காலால் சிதைக்க வருவதற்கென்றே தனியாக ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். இந்தத் தம்பியிடம் எனக்குப் பிடித்தது வேறு. மண்டபக்காரர், வீடியோக்காரர், ஜவுளிக்கடைக்காரர், ஜோசியர் எல்லோரும் ஆயுசுக்கும் நிற்கும் என்றுதான் சொன்னார்கள். நாலு மணி நேரம்தான் என்று உண்மை சொன்னவர் இவர் ஒருவர்தான்.

சரியாக ஆறு மணிக்கு அன்னங்கள் வாசலில் நின்றன. அடியில் நீல விளக்கு. கழுத்தோடு கழுத்து சேர்த்து, மொய் எழுதுகிறவரைப் பார்த்தபடி. பார்க்க ஆள்தான் இல்லை. பெண் பியூட்டி பார்லரில். மாப்பிள்ளை வீட்டு வேன் டோல்கேட்டில். தம்பி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்திரிகை ஆறரை என்று அவர் சொல்லவில்லை. பண்பானவர். பணத்தை வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போய்விட்டார்.

வகுப்பில் உள்ளுறை வெப்பம் என்று வருஷா வருஷம் கத்தியிருக்கிறேன். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி. அன்னம் ஒன்று செதுக்கியது போக 60 கிலோ என்றால் 48 லட்சம் கலோரி, ஜோடிக்கு 96 லட்சம். அந்தக் கல்யாணத்தில் கலோரியை உள்ளே இழுத்துக்கொண்டும் மெலிந்துகொண்டே போன ஜீவன்கள் அவை மட்டும்தான்.

மெலியும் விஷயத்தில் மெல்லிய பாகம் முந்திக்கொள்ளும். ஏழு மணிக்கு அன்னம். எட்டு மணிக்குக் கழுத்து குறுகி வாத்து. எட்டே முக்காலுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறியபோது அலகு விழுந்து கோழி. சம்பந்தியின் அண்ணன் குடும்பம் ஒன்பதரைக்கு வந்து, "கோழி ரொம்ப நல்லா இருக்கு, புதுசா யோசிச்சிருக்கீங்க" என்று பாராட்டியது. பத்து மணிக்கு இரண்டு முட்டைகள். டார்வின் பார்த்திருந்தால் புத்தகத்தைப் பின்னாலிருந்து எழுதியிருப்பார்.

பாலையும் நீரையும் பிரிப்பது அன்னம் என்பார்கள். என் அன்னங்கள் பாலைப் பற்றிக் கவலைப்படவில்லை. நீரை மட்டும் தாராளமாகப் பிரித்தன. ஒரு கிலோ ஐஸ், ஒரு லிட்டர் தண்ணீர். பக்கெட் எப்போதோ நிரம்பி, மொய் மேஜைக்கு அடியில் வெள்ளம். பக்கெட்டுக்கு ஆள் போடச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பந்தியில் ஆள், பார்க்கிங்கில் ஆள், பன்னீர் தெளிக்க ஆள். பக்கெட்டுக்கு மட்டும் 'பார்த்துக்கலாம்'.

வேட்டியை மடித்துக்கட்டி நானே தூக்கினேன். ஐந்தாவது பக்கெட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து பக்கெட்டின் மறுபக்கத்தைப் பிடித்தது. சம்பந்தி! பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றியிருந்தார்.

"ஐயோ சம்பந்தி, நீங்க போய்..."

"தூக்குங்க சம்பந்தி. எனக்குப் பழக்கம்தான்."

"பழக்கமா?"

"எங்க அண்ணன் வீட்டு ரிசப்ஷன்லயும் ராத்திரி பூரா நான்தான் பக்கெட் தூக்கினேன். அன்னிக்குக் காபி குடிக்கிறப்போ அதைத்தான் சொல்ல வந்தேன். அது பாருங்க, வீண் தொல்லை, அந்த மாதிரி எதையும் நீங்க வச்சுத் தொலைக்காதீங்கன்னு. நீங்க எங்க முடிக்க விட்டீங்க?"

இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். ரோட்டில் கொட்டினால் வண்டி வழுக்கும். சம்பந்தி சுற்றிப் பார்த்துவிட்டு, பந்தல் காலில் கட்டியிருந்த வாழை மரத்தடியில் ஊற்றினார்.

வாட்ச்மேன் தூக்கம் கலைந்து எழுந்து வந்தான். "சார், அது வெட்டிக் கட்டின மரம் சார். ஊத்தினாலும் நிக்காது."

"தெரியும்ப்பா" என்றார் சம்பந்தி. "முகூர்த்தம் வரைக்கும் நின்னா போதும்."

அடுத்த பக்கெட்டுக்குத் திரும்பி நடந்தோம்.