செஞ்சியில் செஞ்ச போர்டு

எங்கள் ஊர் செஞ்சி. பெயர் ராசியோ என்னவோ, இங்கே பிறந்தவன் எதையாவது செஞ்சுகொண்டே இருப்பான். முடிப்பானா என்பது வேறு கேள்வி. மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க 1690-இல் வந்த முகலாயப் படை எங்கள் கோட்டைக்குள் நுழைவதற்குள் 1698 ஆகிவிட்டது. அதற்குள் ராஜாராம் கிளம்பிப் போயே போய்விட்டார். அந்தக் கணக்கில் என் எல்.இ.டி போர்டு ஐந்தே மாதத்தில் எரிந்தது மின்னல் வேகம்.

வினை தொடங்கியது 2025 ஜூலையில். மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், மீதி ஒன்று எங்களுடையது. மறுநாளே டீக்கடை சித்தப்பா, "இனிமே வெள்ளைக்காரன்லாம் வருவான்டா. எழுத்து ஓடுற போர்டு ஒண்ணு வெக்கணும்" என்றார். அமாவாசை இரவு மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ஊஞ்சல் பார்க்கப் போகிற வேன்கள்தான் அவர் கடைக்கு உண்மையான யுனெஸ்கோ. அது வேறு விஷயம்.

சென்னை ரிச்சி தெருவில் 32-க்கு 16 என்று 512 விளக்கு பதித்த ரெடிமேட் பேனல் கிடைக்கிறது. நாலைந்து வாங்கிக் கோர்த்தால் ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். எஞ்சினியரிங் படித்துவிட்டு வீட்டில் இருப்பவனுக்கு ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலையைக் கொடுத்தால் மற்ற நாட்களை அவன் என்ன செய்வான்? "நானே செய்யறேன் சித்தப்பா" என்றேன்.

எட்டடி ப்ளைவுட்டில் அங்குலத்துக்கு ஒரு துளை. நீளத்தில் 96, உயரத்தில் 16, ஆக 1,536 சிவப்பு எல்.இ.டி. ஆளுக்கு இரண்டு கால் என்றால் 3,072 இடத்தில் ஈயம் வைக்க வேண்டும். எல்.இ.டி-யில் நெட்டைக்கால் பிளஸ், குட்டைக்கால் மைனஸ். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பின்னால் வயர் இழுக்க வாட்டமாக இருக்கட்டும் என்று எல்லாக் கால்களையும் ஒரே அளவாக நறுக்கி டப்பாவில் போட்டு வைத்தேன். அப்புறம் என்ன, மைனஸ் பக்கம் விளிம்பு கொஞ்சம் தட்டையாக இருக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன். "அரிசில கல்லு பொறுக்கறியா? வா, வீட்டு அரிசியும் இருக்குது" என்றார் சித்தி.

அத்தனையும் ஒன்றாக எரிந்தால் முப்பது ஆம்பியர் இழுக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைதான் எரியும். பதினாறு வரிசையும் மாறி மாறிச் சட்டென்று எரிய, நம் கண் ஏமாந்துபோய் முழு எழுத்தைப் பார்த்ததாக நம்பிவிடும். செல்போன் ஏமாறாது. பக்கத்துக் கடைப் பையன் ஸ்டேட்டஸ் வைக்க எடுத்த படத்தில் பாதி எழுத்துதான் விழுந்தது. "இன்னாண்ணே, பாதிக் காசுதான் குடுத்தாரா உங்க சித்தப்பா?"

இதெல்லாம் பரவாயில்லை. தமிழ்தான் என்னை வச்சு செஞ்சது. 1928-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 14,800 குண்டு பல்பு பதித்துச் செய்தி ஓடவிட்டார்கள். அவர்களுக்கென்ன, மொழியில் 'ஞ' கிடையாது. ஆங்கில எழுத்து 5-க்கு 7 புள்ளியில் அடங்கிவிடும். ஊர்ப் பெயரில் இருக்கிற ஒரே ஒரு ஞவைக் கணக்கு நோட்டுக் கட்டத்தில் வரைந்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒரு புள்ளி குறைந்தால் நத்தை, கூடினால் ஜிலேபி.

கார்த்திகை அமாவாசை இரவு சுவிட்சைப் போட்டோம். 'மேல்மலையனூர் பக்தர்களுக்கு சூடான டீ, வடை' என்று ஓட வேண்டும். கிட்டத்தட்ட 'மலேமலயைனூர்' என்று ஓடியது. கம்ப்யூட்டர் 'மே' என்பதை முதலில் ம, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கிறது. போனும் கம்ப்யூட்டரும் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்திக்கொள்ளும். போர்டை ஓட்டுகிற என் குட்டி ஆர்டுயினோவுக்கு அந்த வளர்ப்பு இல்லை. வந்த வரிசையில் நிற்க வைத்தது. ம-வின் கொம்பு பக்கத்து ல்-லுக்கு முளைத்துவிட்டது. வேனிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, மலேசியாவுக்கு இங்கேர்ந்தா வண்டி?" என்றார்.

ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தீர்த்துவைத்தது சித்தி. கல்யாணத்துக்கு முன் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். "நாங்கல்லாம் கொம்பை மொதல்ல அடிச்சிட்டுத்தான் எழுத்தை அடிப்போம். நீ ஏன்டா மாத்தி அடிக்கற?" கொம்பை முதலில் அடித்தேன். மேல்மலையனூர் மேல்மலையனூராக ஓடியது. நாலு வருடப் படிப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது தினமும் மாலை ஆறு மணிக்குப் போர்டு எரிகிறது. மேலிருந்து இரண்டாவது வரிசையில், இடமிருந்து 41-ஆவது விளக்கு மட்டும் அணையவே மாட்டேன் என்கிறது. ஈயம் வழிந்ததா, புரோகிராமில் பிசகா, இன்னும் பிடிபடவில்லை. ஓடுகிற எழுத்தெல்லாம் அதனடியில் வரும்போது புள்ளி வாங்கிக்கொண்டு மெய்யெழுத்தாகி, தாண்டியதும் பழையபடி உயிர் பெற்றுப் போகிறது. செஞ்சிப் பக்கம் வந்தால் அந்த ஒரு புள்ளியை மட்டும் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள். வடையில் குறை இருக்காது.