புல்லுக்குக் கூரை, கைக்குக் கைதட்டு

விம்பிள்டன் டென்னிஸ் போட்டியாளர்களின் முன்யோசனையை மெச்சத்தான் வேண்டும். மழை தூறினால் புல்தரை நனையுமே என்று 2009இல் சென்டர் கோர்ட்டுக்கு இழுத்து மூடும் கூரை போட்டார்கள். தொற்றுநோய் வந்தால் வருமானம் போகுமே என்று அதற்கும் காப்பீடு எடுத்திருந்தார்கள். 2020 ஏப்ரல் 1இல் போட்டி ரத்தானது; காப்பீட்டுப் பணம் கோடிக்கணக்கான பவுண்டுகளாக வந்து சேர்ந்தது. பந்துக்கும் மட்டைக்கும் ஒரு குறையும் வரவில்லை.

குறையெல்லாம் முதியோரைப் பராமரிக்கும் கேர் ஹோமில் படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டும் பெண்ணுக்குத்தான். பழைய கட்டைப் பிரித்ததும் கையுறையைக் கழற்றி எறிய வேண்டும். கைகழுவிப் புதுக் கையுறை மாட்டிய பிறகே புதுக் கட்டு. ஒருவருக்குப் போட்ட ஏப்ரனோடு அடுத்தவரைத் தொடக் கூடாது. சீழ் வடியும் புண்ணை இரண்டு மீட்டர் தள்ளி நின்று கட்டவும் முடியாது. விதி சுத்தமாக இருந்தது. ஏட்டில் இருந்த ஏப்ரன்தான் உடம்புக்கு வரவில்லை.

பிரிட்டன் அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு அமைச்சர்களும் வாசலில் நின்று மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். ஏப்ரல் 15இல் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக், பராமரிப்பாளர்களுக்குப் பச்சை பேட்ஜ் அறிவித்தார். அதைக் குத்திக்கொள்ள ஏப்ரன் எங்கே என்பது சில்லறைக் கேள்வி! அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து கேர் ஹோம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். எல்லோரையும் பரிசோதித்து அனுப்ப வேண்டும் என்ற விதியே அப்போது இல்லை. மே 15இல் அதே அமைச்சர், கேர் ஹோம்களைச் சுற்றி ஆரம்பத்திலிருந்தே பாதுகாப்பு வளையம் போட முயன்றதாகச் சொன்னார். வளையத்துக்குள்ளே ஜூன் நடுவுக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 19,000க்கு மேற்பட்ட முதியோர் கொரோனாவால் மாண்டார்கள். அந்த அனுப்பும் கொள்கை சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது. செத்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

பணமில்லை என்றாவது சொன்னார்களா? செல்வாக்குள்ளவர்களின் சிபாரிசுக்கான விஐபி பாதையில் நுழைந்த பிபிஇ மெட்ப்ரோ நிறுவனத்துக்கு 2.5 கோடி அங்கிகளுக்காக 12.2 கோடி பவுண்டு கொடுத்தார்கள். கிருமிநீக்கம் செய்யப்பட்டவை என்று நிரூபிக்க முடியாத அங்கிகள் அவை. பணத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பு வர 2025 அக்டோபர் ஆகிவிட்டது.

லண்டனின் விம்பிள்டனிலும் டூட்டிங்கிலும் கேர் ஹோம் இரவுப் பணிக்குப் போகும் அக்கா, தங்கைகளே! அடுத்த முறை எவராவது கைதட்ட வந்தால் தலை குனிந்து நன்றி சொல்லாதீர்கள். கையுறைப் பெட்டி எங்கே என்று கேளுங்கள்.