படிக்காதவன் (1985)

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி ஆண்டெனா இலங்கையைப் பார்த்து நின்றது. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கியபின் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பல வீடுகளுக்கு அதுதான் திசை. சிங்களம் எங்களுக்குத் தெரியாது. பாதி நாள் படமும் தெரியாது. உப்புக்காற்று அலுமினியக் குழாய்களின் இணைப்பைத் தின்றுவிடும். அப்பா மாடியில் கம்பத்தைத் திருப்புவார். நான் கீழே ஜன்னலோரம் நிற்பேன்.

"ஏலே, தெரியுதா?"

"புள்ளியா விழுதுப்பா!"

"இப்ப?"

தெரிய ஆரம்பிக்கும்போது ஒரு காக்கா வந்து கம்பியில் உட்காரும்.

2007இல் கடைக்கணக்கு எழுதவென்று ஒரு கோர் டூ டுவோ கம்ப்யூட்டர் வாங்கினோம். அதற்கு நடந்த உபசாரம் எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட நடந்ததில்லை. சந்தனம், குங்குமம், அம்மாவின் பழைய சேலையில் தைத்த உறை. ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்குப் பக்கத்தில் அதற்கும் பொரி, கடலை. கணக்கு மட்டும் அப்பாவின் நீள நோட்டிலேயே தொடர்ந்தது.

2014 ஏப்ரலில், அதில் ஓடிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கைவிரித்தது. பழைய இரும்புக்குப் போட்டால் ஒரு நாள் மளிகைக்குக்கூடத் தேறாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: லினக்ஸைப் போட்டு, அதன்மேல் எக்ஸ்பிஎம்சியை ஏற்றி, கூடத்து டிவியோடு இணைத்துவிட்டால் வீட்டிலேயே தியேட்டர். எக்ஸ்பிஎம்சி முதலில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருள். அதே வருடம் அதற்குக் கோடி என்று பெயர் மாற்றினார்கள். அம்மா காதில் அது 'கொடி' என்று விழுந்தது. "அதான் இத்தனை வயர் தொங்குதோ?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

படம் முதல் நாளே வந்துவிட்டது. சத்தம்தான் வரவில்லை. விஜிஏ வயர் படத்தை மட்டும் சுமக்கும், ஒலிக்குத் தனி வயர் வேண்டும் என்பது அரை மணி நேர ஊமைப்படத்துக்குப் பிறகே எனக்கு உறைத்தது. சத்தம் வந்தபின் திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, மூடும் பொத்தான் டிவி சட்டத்துக்கு அப்பால் எங்கேயோ போய்விட்டது. அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை. வயரில்லாத கீபோர்டு ஒன்று வாங்கினேன். அப்பா அதை ஆர்மோனியம்போல மடியில் வைத்துக்கொண்டு, எதை அழுத்தினாலும் என்னைத்தான் கூப்பிட்டார். படத்தில் அழுகைக் காட்சி வரும்போதெல்லாம் பெட்டியின் காற்றாடி இரையும். தூசிதான் காரணம் என்பது நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை, பெட்டிக்கும் மனசு இளகுகிறது என்றே அம்மா நம்பினாள்.

ஆனால் என்னை உண்மையில் பைத்தியமாக்கியது போஸ்டர்தான். அந்த மென்பொருள் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் பார்த்து, இணையத்திலிருந்து போஸ்டரையும் கதைச்சுருக்கத்தையும் எடுத்துவந்து ஒட்டும். நம் ஊர்க்காரர்களோ ஒரே தலைப்பில் இரண்டு தடவை படம் எடுப்பவர்கள். 'பில்லா' 1980இலும் உண்டு, 2007இலும் உண்டு. 'பொல்லாதவன்' அப்படித்தான். அப்பா ஆசையாகக் கேட்ட ரஜினி, சிவாஜி நடித்த 'படிக்காதவன்' மேல் 2009இல் வந்த தனுஷ் படத்தின் போஸ்டர் வந்து உட்கார்ந்தது. உள்ளே இருப்பது ரஜினிதான் என்று நான் சத்தியம் செய்தும் அப்பா அதை அழுத்த மறுத்துவிட்டார். "வெளிய ஒண்ணு எழுதி உள்ள ஒண்ணு வச்சா, அது கலப்படம்லா?" என்றார். கடைக்காரர் நியாயம்.

பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வருடத்தைப் போட்டால் மென்பொருளுக்குப் புரிந்துவிடும். போட்டேன். வீட்டிலிருந்த டிவிடி எல்லாவற்றையும் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் வருடம் தேடி எழுதி, நான்கு ராத்திரி தூங்கவில்லை. ஐந்தாம் நாள் இருநூற்றுச் சொச்சம் போஸ்டர்கள் வரிசையாக நின்றன. எல்லோரும் உட்கார்ந்து போஸ்டர்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தோம். பிறகு கேபிளில் சீரியல் பார்த்தோம்.

இப்போது கூடத்தில் ஸ்மார்ட் டிவி. ரிமோட்டிடம் சொன்னால் போதும். அப்பா வாயருகே வைத்துக்கொண்டு, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல "ப-டிக்-கா-த-வன்" என்பார். அது தனுஷைக் காட்டும். ஒரு தடவை ரஜினி படமும் கிடைத்தது. பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்தோம். அடுத்த மாதம் அந்தச் செயலியில் படமே இல்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். மாதக் கட்டணத்தை மட்டும் எடுக்கவில்லை.

போன மழையில் மூன்று நாள் இணையம் இல்லை. ஸ்மார்ட் டிவி சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து பழைய பெட்டியை இழுத்தேன். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து வருடக்கணக்காகிறது. அதனால் மின்சாரத்தைப் பிடுங்கி மாட்டினால் போதும், 2002 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் நின்றுகொள்ளும். எஃப் ஒன் தட்டினால்தான் நகரும். முப்பது ரூபாய் பேட்டரி. அடுத்த வாரம் வாங்கிவிடலாம் என்று நானும் பல வருடங்களாக இருக்கிறேன். அம்மா கண்ணாடிகூடப் போடாமல் எஃப் ஒன்னைத் தட்டினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் வித்தை அது.

ரஜினி வந்தார். ஆனால் அவரும் சிவாஜியும் சுவரும் எல்லாமே மஞ்சளாக இருந்தன. விஜிஏ வயரில் ஒரு ஊசி உப்புக்காற்றில் துருவேறி நீலத்தைத் தின்றுவிட்டிருந்தது. டிவிக்குப் பின்னால் புகுந்து, வயரை மெல்லத் திருகிக்கொண்டே கேட்டேன்:

"தெரியுதாப்பா?"

"ரெண்டு பேருக்கும் மஞ்சக்காமாலை."

"இப்ப?"

"கொஞ்சம் தேவலை. கையை எடுத்துராத, அப்படியே பிடிச்சுக்கோ."