நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்

கூட்டம் முடிந்து, வாட்ச்மேன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிய பிறகுதான் இவருக்கு வாய் திறக்கும். அதுவரை இரண்டு மணி நேரம் ஓரத்து நாற்காலியில், சமோசா தீர்ந்த தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர், வாசலில் உங்கள் முழங்கையைப் பிடிப்பார். இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார். மதர் டெய்ரி பூத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போவார்.

"நீங்க பேசினது நூத்துக்கு நூறு கரெக்ட் சார். மனசளவுல நான் உங்க பக்கம்தான். ஆனா ஒண்ணு, நான் சொன்னதா சொல்லாதீங்க."

மயூர் விஹார், பட்பர்கஞ்ச், துவாரகா என்று டெல்லியில் நம்மவர்கள் குடியிருக்கும் எந்த ஹவுசிங் சொசைட்டியிலும் இவர் ஒருவராவது இருப்பார். எங்கள் சொசைட்டிக்காரருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நா.சொ.சொ. சார். தமிழர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 'மேரா நாம் மத் லேனா' என்று பஞ்சாபியும் வங்காளியும் அதே பூத்துக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் தேசிய ஒருமைப்பாடு பூரணமாக நிலவுகிறது.

இவருடைய வீரத்தைப் பார்க்க வேண்டுமானால் லிஃப்டில் பார்க்க வேண்டும். தரைத்தளத்துக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் இவரைப் போல நெஞ்சை நிமிர்த்திப் பேசுபவர் தலைநகரிலேயே கிடையாது. "இந்த செக்ரட்டரி ரெண்டு வருஷமா கணக்கு காட்டல. பெயிண்ட் கான்ட்ராக்ட் யாருக்குப் போச்சு, ஏன் போச்சு, எல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஆளை நிக்க வெச்சுக் கேக்கணும் சார், இப்படியே விட்டா..." மூன்றாவது மாடியில் கதவு திறக்கும். செக்ரட்டரி ஏறுவார். "...இப்படியே விட்டா ஏக்யூஐ நானூறைத் தாண்டிடும்" என்று வாக்கியம் முடியும். செக்ரட்டரியும் கவலையோடு தலையாட்டுவார். ஐந்தில் அவர் இறங்கிக் கதவு மூடியதும், விட்ட இடத்திலிருந்து கணக்கு வழக்கு மறுபடி தொடங்கும். இலக்கணம் துளியும் பிசகாது.

கை தூக்கி ஓட்டெடுக்கும்போது இவர் கையைக் கவனியுங்கள். மடியிலிருந்து கிளம்பும். காது வரைக்கும் வரும். எண்ணுகிறவர் இவர் பக்கம் திரும்பினால் அது கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிடும். ஒரே ஓட்டெடுப்பில் இரண்டு தரப்பும் இவரைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டதுண்டு. வாட்ஸப் குழுவில் இவர் பங்களிப்பெல்லாம் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்பதுதான்.

இந்தக் கலையை இவர் சாஸ்திரி பவனில் கற்றார். ஏதோ ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். அங்கே மேலதிகாரி கோப்பின் ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதுவார். வந்து வாயால் சொல், மையில் வைக்காதே என்று அதற்குப் பொருள். மாற்றுக் கருத்தைக் கோப்பிலேயே பதிவு செய்ய யாருக்கும் தடையில்லை; செய்து, அதன் பலனாக ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் நம்மவர் தன் மாற்றுக் கருத்துகளைத் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் குண்டூசியில் குத்தி அனுப்பினார். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து, கோப்புக் குறிப்புகளையும் ஜனங்கள் கேட்டு வாங்கலாம் என்றானதும், பென்சிலோடு ஒரு ரப்பரும் சட்டைப் பையில் ஏறியது.

துணிச்சல்காரர்களைப் பற்றிப் பேச மட்டும் இவருக்கு அலுப்பே வராது. 1962 மே 1 அன்று ராஜ்ய சபாவில் அண்ணா முதல் முறையாகப் பேசியதைச் சொல்லச் சொல்லுங்கள். "சபையில முக்காவாசிப் பேர் எதிர்க்கிற விஷயம் சார், திராவிட நாடு. அத்தனை பேருக்கு நடுவுல எழுந்து, மரியாதை குறையாம, மறைக்காம சொன்னாரே! நேருவோட கட்சிக்காரங்க உக்காந்து கேட்டாங்களே! அது சபை!" என்று கண் கலங்குவார். கிசுகிசுவென்ற குரலில்தான். பக்கத்து பெஞ்சில் யாராவது இருப்பார்கள்.

போன வருஷம் நாய் விவகாரம் வந்தது. டெல்லிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடை, திரும்ப விடாதே என்றது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடு, வெறிநாயையும் கடிக்கிற சுபாவமுள்ள நாயையும் மட்டும் விடாதே என்றது. தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று தனி இடம் ஒதுக்கு என்றும் சொன்னது. நடுவில் இருந்த நாட்களில் எங்கள் சொசைட்டி இரண்டு தேசமாகிவிட்டது. பி பிளாக்கில் தினமும் நாய்களுக்குச் சப்பாத்தி போடும் பெண் ஒரு பக்கம். டியூஷனிலிருந்து வரும்போது கடிபட்ட பையனின் அப்பா மறுபக்கம். அவசரக் கூட்டத்தில் இரண்டு பேரும் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் வாயைத் திறக்கும்போதெல்லாம் இருபது பேர் கத்தினார்கள், அவ்வளவுதான். "அவ்வளவு பாசம்னா உன் வீட்டுக்குள்ள வெச்சுக்க" என்று ஹிந்தியில் கேட்கக் கூசும் தொனியில் ஒருவர் சொன்னார். கடிபட்ட பையனைப் பற்றி அவன் அப்பா சொல்ல வந்ததும் அந்தக் கூச்சலில் மூழ்கிப்போனது.

அந்த ஹாலில் தீர்ப்பையும் 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளையும் முழுக்கப் படித்திருந்த ஒரே ஆள் நா.சொ.சொ. சார். பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மஞ்சள் முனை வெளியே தெரிந்தது. விதி 20 இதைத்தான் சொல்கிறது: சோறு வைக்கும் இடத்தைக் குடியிருப்போர் சங்கமே ஒதுக்க வேண்டும், அது குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் வாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும், குழந்தைகளும் வயதானவர்களும் நடமாடாத நேரமாகப் பார்க்க வேண்டும். தகராறு வந்தால் கால்நடை அதிகாரி, போலீஸ், சங்கப் பிரதிநிதி, புகார் கொடுத்தவர் எல்லாரும் ஒரே கமிட்டியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. சண்டைக்காரர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும் என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த காகிதம் இவர் பையில் இருந்தது. இவர் கை பை வரைக்கும் போனது. பேனாவைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

கூட்டம் கலைந்ததும் லெட்டர் பாக்ஸ் அருகே அந்தப் பெண்ணிடம்: "சட்டம் உன் பக்கம்தான்மா. நான் சொன்னதா சொல்லாதே." பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கிங்கில் அந்த அப்பாவிடம்: "பெத்தவன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதா? நீங்க கேக்கறது நியாயம். நான் சொன்னதா சொல்லாதீங்க."

இதில் எரிச்சல் என்னவென்றால், இரண்டுமே பொய்யில்லை. இரண்டு பேர் சொல்வதும் இவருக்கு உண்மையாகவே புரிந்திருந்தது. அவளுக்கு அவருடைய பயத்தையும், அவருக்கு அவளுடைய நியாயத்தையும் எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே வாய் இவருடையது. அதை அவரவர் காதில் தனித்தனியாக ஊதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தயிர் சாதம் சாப்பிட்டார். அந்தப் பெண் இத்தனை வீட்டில் தனக்கென்று ஒருவர்கூட இல்லை என்ற நினைப்போடு கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை. நள்ளிரவில் கேட்டுக்கு வெளியே இருட்டில் சப்பாத்தி போடுகிறாள். அப்பாவோ மாநகராட்சிக்கு மனுமேல் மனு போடுகிறார். மனசளவில் ஆதரவு என்று ஒன்று உண்டா சார்? ரேஷன் கடையில் மனசளவில் அரிசி போட்டால் வாங்கிக்கொள்வீர்களா?

கோழை என்று எழுதி முடித்துவிடலாம் என்றால் அதற்கும் விடமாட்டேன் என்கிறார். 2021 ஏப்ரலில் டெல்லியே ஆக்சிஜனுக்கு அல்லாடியபோது, அறுபத்தைந்து வயதைத் தாண்டிய இந்த மனிதர் ராத்திரி முழுக்க சிலிண்டர் வரிசையில் நின்றார். யாருக்காக? அதே செக்ரட்டரியின் அம்மாவுக்காக. கடிபட்ட பையனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் ஊசி போட்டதும் இவர்தான். அடுத்தடுத்த ஊசித் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தார். பி பிளாக் பெண்ணின் வாசலில் அவ்வப்போது முளைக்கும் பால் பாக்கெட்டை யார் வைக்கிறார்கள் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். அவனிடமும் சொல்லி வைத்திருக்கிறார், நான் சொன்னதாகச் சொல்லாதே என்று. தொற்றுக்குப் பயமில்லை, நாய்க்கும் பயமில்லை. நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பதற்குத்தான் நடுக்கம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்கே போனேன். "ஒரு பாராதான் சார். விதி 20. நீங்க எழுந்து படிங்க, பக்கத்துல நான் நிக்கறேன்" என்றேன். மாமி ஃபில்டர் காப்பி கொண்டுவந்து வைத்து, "படிக்கட்டுமே, என்ன இப்போ" என்றார். ஒத்துக்கொண்டார்.

எழுந்தும் நின்றார். சத்தியமாக. ஹால் முழுக்கத் திரும்பியது. தலைவர் பேச்சை நிறுத்தினார். நா.சொ.சொ. சார் மடிப்பைப் பிரித்தார், தொண்டையைச் செருமினார். காகிதம் படபடத்தது.

"இந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மினிட்ஸில் அது இவர் பெயரோடு பதிவாகிவிட்டது: மின்விசிறியின் வேகம் குறித்து ஆட்சேபம் தெரிவித்தார். மறுநாள் காலையில் செக்ரட்டரி வீட்டுக்குப் போய், தனக்குத் தனிப்பட்ட முறையில் மின்விசிறியோடு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை, பெயரை நீக்கிவிடவும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பென்சிலால்.